பிள்ளைக்கு 18 வயது ஆனால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

மகனுக்கோ மகளுக்கோ 18 வயது நிறையும்போது, பிரிந்து வாழும் பெற்றோர் ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். மாதாமாதம் பணம் கட்டிவந்த தந்தை, பிள்ளை மேஜர் ஆகிவிட்டதால் தன் கடமை இதோடு முடிந்தது என்று நினைக்கிறார். அந்தப் பணத்தை வைத்து வீட்டை நடத்திவந்த தாய், காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், லேப்டாப் என்று செலவே இனிமேல்தானே ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறார். இரண்டிலும் நியாயம் உண்டு. ஒருவர் யாரையும் கேட்காமல் பணத்தை நிறுத்தும்போதுதான் விஷயம் வழக்காகிறது.

இந்த வழக்குகளைப் புரிந்துகொள்ள ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பிறந்தநாள் வந்ததால் மட்டும் எல்லா உத்தரவும் தானாக முடிந்துவிடாது. பிள்ளை படிக்கிறது என்பதால் மட்டும் எல்லா உத்தரவும் தானாக நீளாது. நிறுத்த வேண்டும் என்றாலும் நீட்டிக்க வேண்டும் என்றாலும் பெரும்பாலும் யாராவது மனுப் போட்டாக வேண்டும். யார் போடுகிறார், எப்போது போடுகிறார் என்பதை வைத்தே பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது.

(பணம் கட்டுபவர் தந்தை, பிள்ளையை வைத்திருப்பவர் தாய் என்று எழுதிக்கொண்டு போகிறேன். மாறி இருக்கும் குடும்பங்களுக்கும் சட்டம் இதேதான்.)

பணம் யாருடையது

பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை தாயின் வங்கிக் கணக்குக்குப் போனாலும் அது பிள்ளையின் உரிமை. தாய் அதை வாங்கிச் செலவு செய்யும் பொறுப்பில் இருக்கிறார், அவ்வளவுதான். மனைவிக்கென்று தனியாகத் தரும் ஜீவனாம்சத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மறுமணம் செய்துகொண்ட மனைவிக்கு அவருடைய ஜீவனாம்சம் நிற்கலாம். அதைக் காரணம் காட்டிப் பிள்ளையின் தொகையை நிறுத்த முடியாது. "பிள்ளையைப் பார்க்க விடவில்லை, அதனால் பணம் தரமாட்டேன்" என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாமல் போவதும் இதனால்தான். பார்க்கும் உரிமைக்குத் தனி மனு இருக்கிறது. பெரியவர்களின் சண்டைக்குப் பிள்ளையின் சாப்பாட்டுக் காசைப் பிணையாக வைக்க எந்த நீதிபதியும் சம்மதிக்க மாட்டார்.

பிள்ளை மேஜர் ஆனதும் இதே அடிப்படை வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. உரிமை பிள்ளையுடையது என்றால், 18 வயதுக்குப் பிறகு கேட்க வேண்டியதும் பிள்ளைதான். பல நாடுகளில் மேஜர் ஆன மகனோ மகளோ தன் பெயரிலேயே மனுவில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் பிள்ளை மேஜர் ஆனதும் பணத்தைக் கேட்கும் உரிமை நேரடியாகப் பிள்ளைக்கே போய்விடுகிறது. அதோடு, தந்தை மட்டும் அல்லாமல் தாயும் தன் வருமானத்துக்கு ஏற்பப் பணமாகப் பங்கு தர வேண்டியவர் ஆகிறார். 19 வயதுப் பெண் சொந்தத் தகப்பனை எதிர்மனுதாரர் என்று எழுதிக் கையெழுத்திடுவது சட்டப்படி சாதாரணக் காரியம்தான். வீட்டுக்குள் அது சாதாரணமாக இருக்காது. முடிந்தவரை பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் சொல்லப்போவதற்கு முக்கியக் காரணம் அந்தக் கையெழுத்துதான்.

எந்த வயதில் முடிகிறது

இதற்கு உலகம் முழுக்கப் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. நம் மக்கள் பரவியிருக்கும் நாடுகளை மட்டும் பார்த்தாலே சட்டங்கள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று தெரியும்.

இலங்கையில் 1999-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் (பராமரிப்பை அங்கே தாபரிப்பு என்பார்கள்), வயது வந்த பிள்ளை என்று ஒரு தனிப் பிரிவையே வைத்திருக்கிறது. 18 முதல் 25 வயது வரையுள்ள, தன்னைத் தானே பராமரிக்க இயலாத மகனோ மகளோ நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு அதே சட்டத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது. தெற்காசியச் சட்டங்களில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டத்தின்படி பிள்ளைக்கான உத்தரவு பொதுவாக 21 வயது வரை. படிப்பில் இருந்தாலோ, ஒரு தொழிலுக்குப் பயிற்சி எடுத்தாலோ, முழுநேரத் தேசிய சேவையில் இருந்தாலோ, உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தாலோ நீதிமன்றம் அதைத் தாண்டியும் நீட்டிக்கலாம். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் முன்பு 18 வயதோடு கதவை மூடியது. உடல், மனக் குறைபாடு மட்டுமே விதிவிலக்கு. உயர்கல்வி அந்த விதிவிலக்கில் அடங்காது என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு சட்டத்தையே திருத்தினார்கள். 2018 டிசம்பரிலிருந்து, மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரை உத்தரவு நீடிக்க வழி இருக்கிறது. திருத்தத்துக்கு முன் மேஜர் ஆன பிள்ளைகளுக்கும் பின் ஆன பிள்ளைகளுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

கனடாவின் விவாகரத்துச் சட்டம் வயதை மட்டும் பார்ப்பதில்லை. மேஜர் வயது மாகாணத்தைப் பொறுத்து 18 அல்லது 19. அதைக் கடந்தாலும், நோய், குறைபாடு "அல்லது வேறு காரணத்தால்" பெற்றோரின் பொறுப்பிலிருந்து விலக முடியாதவர் இன்னும் பிள்ளைதான் என்கிறது அந்தச் சட்டம். அந்த வேறு காரணத்தில் கல்லூரிப் படிப்பையும் நீதிமன்றங்கள் சேர்த்திருக்கின்றன. இங்கிலாந்தில் அரசு அமைப்பு கணக்கிடும் பராமரிப்புத் தொகை 16 வயது வரை. பள்ளி மட்டத்துப் படிப்புத் தொடர்ந்தால் 20 வயதுக்குள். பல்கலைக்கழகச் செலவு வேண்டுமென்றால் தனியாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நியூயார்க்கில் 21. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 18, அல்லது பள்ளிப் படிப்பு முடியும் வரை. சுவிட்சர்லாந்தில் பிள்ளை ஒரு தகுந்த தொழிற்கல்வியை முடிக்கும் வரை, பெற்றோரின் வசதிக்கு உட்பட்டு, கடமை தொடர்கிறது.

இந்தியாவைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். குழப்பம் இங்கேதான் அதிகம்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு இருந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு இருக்கிறது. எண் மாறியதே தவிர, நம் விஷயத்தில் அடிப்படை மாறவில்லை. மைனர் பிள்ளைக்குப் பராமரிப்பு உண்டு. மேஜர் ஆன பிள்ளைக்கு, உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ காயத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாவிட்டால் மட்டுமே உண்டு. திருமணமான மகளுக்கு அதுவும் இல்லை. கல்லூரியில் படிக்கிறார் என்பது இந்தப் பிரிவில் ஒரு காரணமாகவே எழுதப்படவில்லை.

ஆனால் இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் என்று இன்னொரு கதவு இருக்கிறது. அதன் 20-ஆவது பிரிவின்படி, திருமணமாகாத மகள் சொந்தச் சம்பாத்தியத்திலோ சொத்திலோ வாழ முடியாவிட்டால், மேஜர் ஆன பிறகும் பெற்றோரிடம் கேட்கலாம். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கூடவே ஒரு எல்லையும் போட்டது. அந்த உரிமையை மாஜிஸ்திரேட்டிடம் 125-ஆவது பிரிவின் கீழ் கேட்க முடியாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறையாக வழக்குப் போட்டு, தனக்கு வருமானம் இல்லை என்பதை மகள் நிரூபிக்க வேண்டும். உரிமை இருந்தும் தவறான இடத்தில் மனுப் போட்டு வருடங்களை இழப்பவர்கள் உண்டு. முதல் முறை வக்கீலைப் பார்க்கும்போதே "எந்தச் சட்டத்தின் கீழ் போடுகிறோம்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

மகனுக்கு இந்தக் கதவும் இல்லை. அந்தச் சட்டத்தில் மகனின் உரிமை மைனராக இருக்கும் வரைதான். 18 வயது மகன் பன்னிரண்டாம் வகுப்பைக்கூட முடிக்காமல் இருக்கலாம். அவன் வயிறும் ஃபீஸும் அப்படியே இருக்க, சட்டம் மட்டும் அவனைப் பெரியவன் ஆக்கிவிடுகிறது. இது குறை என்றே நான் நினைக்கிறேன். நீதிமன்றங்கள் சில சமயம் சுற்றுவழியில் இதைச் சரிசெய்யப் பார்க்கின்றன. 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் மகன் மேஜர் ஆகியிருந்தான். அவன் செலவு முழுவதும் தாயின் தலையில் விழுகிறது என்பதைக் கணக்கில் எடுத்து, மகன் பட்டப்படிப்பை முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் இடைக்காலத் தொகை வழங்கியது நீதிமன்றம். பணம் தாயின் பெயரில் வந்தது, பயன் மகனுக்குப் போனது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மகளின் கல்விச் செலவைத் தங்கள் வசதிக்குள் தரும்படி பெற்றோரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியும் என்று சொன்னது. வெளிநாட்டில் படித்த அந்த மகள், தந்தை கொடுத்த 43 லட்சம் ரூபாயைத் தன் மானத்துக்காகத் திருப்பித் தரப் பார்த்தார். தந்தை வாங்க மறுத்தார். அது உன் உரிமை, வைத்துக்கொள் என்று சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது

சட்டம் பொதுவாக என்ன சொல்கிறது என்பதைவிட, உங்கள் கையில் இருக்கும் உத்தரவு என்ன சொல்கிறது என்பது முக்கியம். சான்றிட்ட நகலை எடுத்து வைத்துக்கொண்டு கடைசிப் பத்திகளை மெதுவாகப் படியுங்கள்.

"மைனர் பிள்ளைக்கு, மேஜர் ஆகும் வரை" என்று இருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு புதுத் தொகை சேராது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. "படிப்பு முடியும் வரை" என்று இருந்தால் எந்தப் படிப்பு என்ற கேள்வி வரும். முடிவுத் தேதியே இல்லாமல் "மாதம் இவ்வளவு தர வேண்டும்" என்று மட்டும் இருந்தால், நீதிமன்றம் மாற்றும் வரை அது உயிரோடு இருப்பதாகவே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இவற்றில் அதிகம் பேரைச் சிக்க வைப்பது இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே தொகை. மாதம் 20,000, இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து, என்று உத்தரவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்தவனுக்கு ஜூன் மாதம் 18 முடிகிறது. தந்தை ஜூலை முதல் தானாகவே 10,000 மட்டும் அனுப்புகிறார். பாதிப் பிள்ளைக்குப் பாதிப் பணம் என்பது அவர் கணக்கு. பதினான்கு மாதம் கழித்துத் தாய், உத்தரவுப்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்டு நிறைவேற்று மனுப் போடுகிறார், நிலுவை 1,40,000. தந்தை திகைத்துப் போகிறார். ஆனால் உத்தரவில் ஆளுக்குப் பாதி என்று எங்கேயும் எழுதவில்லை. வாடகை பாதியாகக் குறையவில்லை, மின்கட்டணம் பாதியாகக் குறையவில்லை. இளையவளுக்கு மட்டும் தனியாக எவ்வளவு தேவை என்று கணக்கிட்டால் அது 10,000 ஆகவும் இருக்கலாம், 14,000 ஆகவும் இருக்கலாம். அதை முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதிக்குத்தான். அந்த ஜூன் மாதத்திலேயே தந்தை ஒரு மாற்ற மனுப் போட்டிருந்தால் இந்த நிலுவையில் பெரும்பகுதி வந்திருக்கவே வராது.

இந்தியாவில் இப்படி மாற்றக் கேட்க சன்ஹிதாவின் 146-ஆவது பிரிவு இருக்கிறது, பழைய சட்டத்தில் 127. சூழ்நிலை மாறியிருக்கிறது என்று காட்டினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ முடியும். மற்ற நாடுகளிலும் பெயர்தான் வேறு.

படிப்பு: வாதமெல்லாம் இங்கேதான்

படிப்புக்காக நீட்டிக்கச் சட்டம் இடம் தரும் நாடுகளில், நீதிமன்ற நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கே போகிறது. உண்மையாகப் படிக்கிறாரா, எவ்வளவு செலவு, யார் யார் எவ்வளவு?

முதல் கேள்விக்குக் காகிதம்தான் பதில். கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ், ஃபீஸ் ரசீது, ஒவ்வொரு செமஸ்டரின் மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு. இவை வரிசையாக இருந்தால் விசாரணை அரை மணியில் முடியும். இல்லாவிட்டால் வாய்தா மேல் வாய்தா. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1993-இல் வந்த ஒரு தீர்ப்பு, பார்க்க வேண்டிய விஷயங்களை எடுத்துச் சொன்னது: முழுநேரப் படிப்பா, கல்விக் கடனுக்கோ உதவித்தொகைக்கோ முயன்றாரா, தேர்ந்தெடுத்த பாதை நியாயமானதா, பகுதிநேர வேலை பார்க்க முடியுமா, வயது என்ன, இதுவரை எப்படிப் படித்திருக்கிறார், பெற்றோர் சேர்ந்து இருந்தபோது பிள்ளையின் படிப்பைப் பற்றி என்ன திட்டம் வைத்திருந்தார்கள், பிள்ளை தானாகவே தந்தையோடு உறவை முறித்துக்கொண்டதா. அந்த நாட்டுக்கு வெளியே அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எந்த நாட்டு நீதிபதியும் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்பார் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வருடம் இடைவெளி விட்டால் உரிமை போய்விடுமா? உடல்நலக் குறைவுக்காகவோ நுழைவுத் தேர்வுக்காகவோ விட்ட இடைவெளியை நீதிமன்றங்கள் பெரும்பாலும் பெரிதுபடுத்துவதில்லை. எந்தத் திட்டமும் இல்லாமல் இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, தந்தை மனுப் போட்டதும் அவசரமாக ஒரு டிப்ளமோவில் சேர்ந்தால் சந்தேகம் வரும். அரியர் வைத்தால் உடனே பணம் நிற்காது. தொடர்ந்து பரீட்சைக்கே போகாவிட்டால் நிற்கும். முதல் பட்டத்தோடு கடமை முடிகிறது என்பது பல நீதிபதிகளின் பொதுவான எண்ணம். மருத்துவம், சட்டம் போன்று மேற்படிப்பு இல்லாமல் தொழிலே செய்ய முடியாத இடங்களில், பெற்றோரிடம் வசதியும் இருந்தால், அதைத் தாண்டிப் போவதும் உண்டு.

செலவுக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் பல சண்டைகள் அடங்கும். ஒரு மாணவிக்கு ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,80,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகை 30,000. விடுமுறையில் வேலை பார்த்துச் சம்பாதிப்பது 30,000. மிச்சம் 1,20,000. தந்தையின் மாத வருமானம் 60,000, தாயின் வருமானம் 30,000 என்றால் விகிதம் இரண்டுக்கு ஒன்று. தந்தை 80,000, தாய் 40,000. ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கு வீட்டில் தரும் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய விடுமுறை மாதங்களுக்கு மட்டும்தான் என்பதையும் தந்தை தரப்பு எடுத்துச் சொல்லலாம். விடுமுறைக்கு வந்து தங்க அறை வேண்டாமா என்று தாய் தரப்பும் கேட்கலாம். இப்படி எண்களை மேசையில் வைத்துப் பேசும்போது "உன் மகள்", "என் மகள்" என்ற பேச்சு குறைந்துபோகிறது.

சம்பாத்தியம், திருமணம், பேச்சுவார்த்தை இல்லாத பிள்ளை

பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கினால் நிற்கும் என்பது பொது விதி. வார இறுதியில் கடையில் நிற்பதும், ஆன்லைனில் ட்யூஷன் எடுப்பதும் இதில் சேராது. தன் காலில் நிற்கும் அளவுக்கு, நிலையான சம்பளம் வர வேண்டும். வேலை கிடைத்ததை மறைத்துப் பணம் வாங்கிக்கொண்டிருந்தால், அது தெரிய வந்ததும் தாய் தரப்பின் மற்ற வார்த்தைகள்மேலும் நீதிபதிக்கு நம்பிக்கை போய்விடும். திருமணம் ஆனால் பெரும்பாலான சட்டங்களில் பெற்றோரின் கடமை அங்கே முடிகிறது.

தந்தையோடு பேசாத பிள்ளை என்பது நிஜமாகவே கஷ்டமான கேள்வி. வருடக்கணக்கில் போனை எடுக்காத மகன், ஃபீஸ் கட்டும் மாதம் மட்டும் நினைத்துக்கொள்கிறான் என்று ஒரு தகப்பன் சொல்லும்போது அதில் இருக்கும் வலி பொய் இல்லை. ஆனால் அந்த மௌனம் எப்படி வந்தது? அடிதடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் மௌனம் வேறு, யாரோ சொல்லிக்கொடுத்து வந்த மௌனம் வேறு. பெரும்பாலான நீதிமன்றங்கள் இதை மட்டும் வைத்துப் பணத்தை நிறுத்தத் தயங்குகின்றன. தயங்குவதுதான் சரி. உறவு முறிந்ததற்கு 18 வயதுப் பிள்ளையை மட்டும் பொறுப்பாக்குவது எளிதில் செய்யக்கூடிய காரியம் இல்லை.

உடல், மனக் குறைபாட்டால் சம்பாதிக்க இயலாத பிள்ளை விஷயத்தில் சட்டங்கள் பெருமளவு ஒத்துப்போகின்றன: வயது வரம்பு இல்லை, அல்லது மிகத் தளர்வு. பிள்ளை மேஜர் ஆவதற்கு முன்பே மருத்துவச் சான்றையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் தயார் செய்து வைப்பது தாய்க்கு நல்லது.

பழைய பாக்கி எங்கேயும் போகாது

இனி வரும் மாதங்களின் பணம் வேறு, கட்டாமல் விட்ட பழைய மாதங்களின் பணம் வேறு. பிள்ளை மேஜர் ஆனதும் முதலாவது நிற்கலாம். இரண்டாவது நிற்காது. ஐந்து வருடம் கட்டாமல் இருந்துவிட்டு, "இப்போது அவன் பெரியவன், இனி எதற்கு?" என்று கேட்டால், அந்த ஐந்து வருடமும் யாரோ கடன் வாங்கி அவனை வளர்த்திருக்கிறார்கள் என்பதுதான் பதில்.

கனடா உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்த்த வழக்கு ஒன்று இதற்குக் கச்சிதமான உதாரணம். 1996-இல் விவாகரத்து, இரண்டு மகள்கள். தந்தை 1998-இல் தொகையைக் குறைக்கச் சொன்னார், ஆனால் வருமான ஆவணங்களைக் காட்டவில்லை. பிறகு பல வருடங்கள் தானாக எதுவும் கட்டவில்லை. 2012-இல் மகள்களுக்கான பராமரிப்புக் காலம் முடிந்தது. 2016-இல் வந்து, அப்போது எனக்கு வருமானம் குறைவு, பழைய பாக்கியைக் குறையுங்கள் என்று கேட்டார். பாக்கி சுமார் 1,70,000 டாலர். நீதிமன்றம் மறுத்தது. வருமானம் குறைந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், ஆதாரத்தோடு சொல்லியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத் திருத்தம் இன்னும் கடுமையானது: ஒவ்வொரு மாதத் தொகையும் தவணைத் தேதியில் கட்டப்படாவிட்டால் அன்றைக்கே தீர்ப்புக் கடன் (நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே வசூலிக்கக்கூடிய கடன்) ஆகிவிடுகிறது, மனுப் போட்டு எதிர்த்தரப்புக்குத் தெரிவித்த தேதிக்கு முந்தைய பாக்கியைக் குறைக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை.

இந்தியாவில் வாங்க வேண்டியவருக்கும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. 144-ஆவது பிரிவின் கீழ் பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, அது கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். "பிறகு மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம்" என்று பொறுத்திருக்கும் தாய்மார்கள் இந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டு நஷ்டப்படுகிறார்கள். கட்டாதவருக்கு ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை கொடுக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. வேலைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு, தெரியாமல் இரண்டு வருடம் கட்டிய தந்தை அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கிடைப்பது கடினம். செலவாகிப்போன பராமரிப்புத் தொகையைத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. அதனால் தந்தைக்கும் தேதிதான் காப்பு. பிள்ளை வேலையில் சேர்ந்தது தெரிந்ததும் மனுப் போட வேண்டும். மனு நிலுவையில் இருக்கும் வரை, முடிந்தால், பழைய தொகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்பவும் வேண்டும். பிள்ளையின் கையில் நேரடியாகக் கொடுத்த ரூபாயை உத்தரவுப்படி கட்டிய பணமாக நிரூபிப்பது மிகவும் சிரமம்.

இந்திய நீதிமன்றங்களில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மாற்ற மனுப் போடும்போதும் அதை மனதில் வைத்துச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

இவ்வளவும் செய்துதான் தீர வேண்டும் என்றில்லை. பிள்ளைக்கு 17 வயது நடக்கும்போதே பெற்றோர் இருவரும், தேவைப்பட்டால் சமரச மையத்தில் உட்கார்ந்து, ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். எந்தப் படிப்பு வரை, எந்த மாதம் வரை, ஃபீஸை யார் நேரடியாகக் கல்லூரிக்குக் கட்டுவது, பணம் தாயின் கணக்குக்கா பிள்ளையின் கணக்குக்கா, இடையில் வேலை கிடைத்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், பழைய பாக்கி எவ்வளவு, அதை எத்தனை தவணையில் தீர்ப்பது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிள்ளை நீதிமன்றப் படியே ஏற வேண்டாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்து நீதிமன்ற உத்தரவாக மாற்றிக்கொள்வதைத் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த "சரி" என்ற ஒரு பதிலை நம்பி நிறுத்திய தொகை, பழைய உத்தரவின்படி மாதாமாதம் பாக்கியாகச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.